ஊர் வடக்கு

பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் உள்ள ஊர்களில் இடது, வலது என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு மேசையில்கூட உப்பு தெற்கே இருக்கும், ஊறுகாய் வடக்கே இருக்கும். பஸ்ஸில் இடம் கேட்கிறவர் 'கொஞ்சம் கிழக்கே நீங்கி இரிங்க' என்பார். பஸ் எந்தப் பக்கம் வளைந்து ஓடிக்கொண்டிருந்தாலும் கேட்டவருக்கும் நீங்கியவருக்கும் கிழக்கு எதுவென்று தெரியும். வெளியூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு முதல் ஒரு மாதம் அடுக்களையில் அகப்பை கிடைக்காது. 'அதா வடக்கே கெடக்குல்லா' என்று மாமியார் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த ஆனந்தபாய் டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயிற்று. திசை மட்டும் போகவில்லை. அந்தத் திசையை வைத்துக்கொண்டு அவர் ஒரு போனுக்குப் பாடம் எடுத்த கதை இது.

டீச்சருடைய அப்பா மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். மகளை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் ஊரிலேயே தமிழ் வழிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை கிடைத்தது. கணக்கைவிட அந்த அம்மாளின் நடைக்குத்தான் ஊரில் பேர் அதிகம். கக்கத்தில் குடை, கையில் பை, முன்னால் யார் போனாலும் தாண்டிப் போகிற வேகம். கல்யாணமான புதிதில் கணவர் ராஜதாஸ் சர்ச்சுக்கு மனைவியுடன் சேர்ந்து நடக்க முடியாமல் மூச்சு வாங்கியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் ஸ்கூட்டர் வாங்கியதே அதனால்தான் என்று ஒரு பேச்சு உண்டு. ராஜதாஸ் ஹைவேயில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறார். சாதுவான மனிதர். இந்தப் பேச்சை அவர் மறுத்ததும் இல்லை.

கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னபோதே பாதிப் பார்வை போயிருந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் இரண்டு முறை நடந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கிய நட்சத்திர விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு, விளக்கு எரிகிறதா என்று ராஜதாஸிடம் கேட்க வேண்டியதாயிற்று. எரிகிறது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

டீச்சர் வேலையை விடவில்லை. வாய்ப்பாட்டுக்குக் கண் எதற்கு? பிள்ளைகளில் ஒருவர் பலகையில் எழுத, மற்றவர்கள் சத்தமாக வாசிக்க, தப்பு எந்த வரியில் நுழைந்தது என்று நாற்காலியிலிருந்தே பிடித்துவிடுவார். பின் பெஞ்சில் புளியங்கொட்டை மெல்லுகிறவன் யார் என்பதும் அவருக்குத் தெரியும். கண் தெரிந்த காலத்தைவிட இப்போது வகுப்பு அமைதியாக இருந்தது.

வழிதான் சிக்கல். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். முதலில் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தைரியமாகத்தான் போனார். குடிநீர்க் குழாய்க்கு வெட்டிப் போட்டிருந்த பள்ளத்தில் ஒருநாள் விழுந்து கணுக்கால் பிசகியது. அதற்குப் பிறகு ராஜதாஸ் விடவில்லை. காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கேட்டில் இறக்குவார். அங்கே ஆபீஸ் உதவியாளர் அஜேஷ் காத்திருந்து, கையைப் பிடித்து வகுப்பு வரைக்கும் கூட்டிப் போவான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். சர்ச்சிலும் அப்படித்தான். டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்தால் போதும், நான்கு பக்கத்திலிருந்தும் கை வரும்.

கை கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். நல்லவர்களிடம் என்ன செய்வது? ஒவ்வொரு முறை ஒரு கை வந்து முழங்கையைப் பற்றும்போதும் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ சுருங்கியது. தான் ஒரு சாமான், இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கிறார்கள் என்று தோன்றும். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

போன வருஷம் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

"ஜூன்ல ஸ்கூல் தெறக்கும்போ நான் தனியெ நடந்து போவணும். யாருக்க கையும் பிடிக்க மாட்டேன். முடியல்லெங்கி வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருப்பேன்."

ராஜதாஸ் கறியைப் பிசைந்துகொண்டே இருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற பெண்ணிடம் பேசிப் பயன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு ஆள், டீச்சருடைய அக்காள் மகள் நீது. பேச்சைக் கேட்டதும் அவளுடைய கை நின்றது.

நீதுவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளும் அவளுடைய கூட்டாளிகளும் கண் தெரியாதவர்களுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். இந்தக் காலத்துப் போனுக்குள் நமக்கு இருப்பதைவிட அதிகப் புலன்கள் உண்டு. அடி எடுத்து வைத்தால் தெரியும், திரும்பினால் தெரியும், ஏறினாலும் இறங்கினாலும் தெரியும். கேமரா பார்க்கும், மைக் கேட்கும், வானத்துச் செயற்கைக்கோள் இடம் சொல்லும், உள்ளே ஒரு காந்த முள் திசை சொல்லும். ஆனால் இத்தனை தெரிந்தும் எங்கே இருக்கிறோம் என்று அதற்குப் புரிய வேண்டுமே. அதற்கு ஊரின் நகல் ஒன்றைப் போனுக்குள் கட்ட வேண்டும். இந்த மதில், இந்த மின்கம்பம், இந்தப் பாலம் என்று எல்லாம் அதில் இருந்தால், புலன்கள் சொல்வதையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இப்போது ஆள் எங்கே, என்ன செய்கிறார், அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று போன் தானே முடிவெடுக்கும்.

நகரத்தில் மாலுக்கும் ரயில் நிலையத்துக்கும் அவர்கள் செய்து பார்த்திருந்தார்கள். சித்தியின் ஊருக்குச் செய்தால் என்ன என்று நீதுவுக்குத் தோன்றியது. கம்பெனியில் கேட்டாள், சம்மதித்தார்கள்.

அந்தக் கோடையில் சனி, ஞாயிறு தோறும் நீது கேமராவைத் தலையில் கட்டிக்கொண்டு சந்து சந்தாக, முடுக்கு முடுக்காக நடந்தாள். ஊர் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டரில் ஊர் வரப்போகிறது என்று தெரிந்ததும் மதில்களுக்கு வெள்ளை அடித்தவர்கள் உண்டு. சத்தியபாய் என்கிற சபைக்காரி, கேமரா வரும் என்று மூன்று ஞாயிறு நல்ல சேலை உடுத்து வாசலில் நின்றாள். நகலில் ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரையும் அழித்துவிடுவோம் என்று நீது சொன்னதும் அவள் அதற்குப் பிறகு நீதுவிடம் சரியாகப் பேசவில்லை.

போனை ஒரு சின்னப் பையில் போட்டு டீச்சருடைய நெஞ்சில் தொங்கவிட்டார்கள். காதின் ஓரத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, காதை அடைக்காதபடி. அது பேசுகிற தமிழ் வானொலிச் செய்தித் தமிழ். 'முன்னால் ஒரு மாடு நிற்கிறது, கவனமாகச் செல்லவும்' என்னும். டீச்சர் அதற்கு நியூஸ்காரி என்று பேர் வைத்தார்.

முதல் தகராறு பேச்சில் வந்தது. யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று போனுக்கு மரியாதை கற்றுக் கொடுத்திருந்தார்கள். நகரத்தில் அது நல்ல பழக்கம். இங்கே டீச்சர் வாசலை விட்டு இறங்கினால், 'டீச்சரே எங்கோட்டு', 'டீச்சரே கால் வலி எப்படி உண்டு' என்று பள்ளிக்கூடம் வரை ஊரே பேசும். டீச்சரும் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் போக மாட்டார். நியூஸ்காரி மரியாதையாகக் காத்திருந்து காத்திருந்து, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் அவ்வளவு மரியாதை ஆகாது என்று நீது அதை மாற்றினாள். தேவைப்பட்டால் குறுக்கே பேசலாம் என்று ஆயிற்று. டீச்சருக்கு அது பிடித்துப் போயிற்று.

அடுத்த தகராறுதான் பெரியது. 'இடது பக்கம் திரும்பவும்' என்று அது சொல்லும். டீச்சர் திரும்புவார். வண்டிக்கு ஒதுங்க, சேற்றைத் தாண்ட என்று இடையில் உடம்பு கொஞ்சம் வேறு பக்கம் போயிருக்கும். அப்புறம் எது இடது? மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"இந்த எடதும் வலதும் நான் திரும்பும்போ கூடவே திரும்புது மக்கா. வடக்கு எங்கயும் போவாது. அதெச் செல்லச் செல்லு."

நீதுவுக்கு அது நியாயமாகப் பட்டது. போனில்தான் காந்த முள் இருக்கிறதே. அடுத்த சனிக்கிழமை வரும்போது நியூஸ்காரி வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு பேசினாள். டீச்சருடைய முகம் மலர்ந்தது. நீது கூடவே நடக்க, மூன்று நான்கு முறை பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். ஒரு தவறும் வரவில்லை. கூட நடக்கிறவளுடைய கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் இவருடைய காலும் திரும்பும் என்பது இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, நீது ஆபீசிலும் ராஜதாஸ் கடையிலும் இருந்த நேரம் பார்த்து, டீச்சர் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து சொல்லலாம் என்று இருந்தார்.

வீட்டு முடுக்கிலிருந்து சர்ச் முக்கு வரை 'வடக்கே செல்லவும்' என்றாள் நியூஸ்காரி. சரிதான். ஊரும் அதை வடக்கு என்றுதான் சொல்லும். சர்ச் முக்கில் வழி இரண்டாகப் பிரியும். பள்ளிக்கூடத்து வழி இன்னும் வடக்கே போகும். மற்றது மேற்கே, கடல் இருக்கிற பக்கமாக இறங்கும். அந்த இடத்தில் நியூஸ்காரி தெளிவாக, 'மேற்கே திரும்பவும்' என்றாள்.

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். பள்ளிக்கூடத்து வழியில் மறுபடியும் பள்ளம் வெட்டியிருப்பார்களோ, சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறதோ என்று நினைத்தார். நம்பி மேற்கே இறங்கினார். கொஞ்சம் போனதும், 'வழி தவறிவிட்டது, வடக்கே திரும்பவும்' என்றாள். திரும்பினார். கோல் ஒரு மதிலில் தட்டியது. மதில் என்றால் ரோட்டோடு போகும், பிடித்துக்கொண்டே போனால் ரோட்டுக்கு வந்துவிடலாம் என்று தடவிக்கொண்டே நடந்தார். மதில் ரோட்டோடு போகவில்லை. திறந்து கிடந்த கேட்டுக்குள் போய், ஒரு செம்பருத்தியை உரசி, ஈரத் துணிகளுக்கு நடுவே நுழைந்து, கடைசியில் அம்மிக்கல்லில் முட்டி நின்றார். மிளகாய் அரைத்த வாசனை வந்தது.

அது ஞானசம்பந்தம் சாரின் வீடு. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய சைவக் குடும்பம். அந்த வீட்டை ஊரில் யாரும் அவர் பேரைச் சொல்லிக் குறிப்பதில்லை. கோணல் வீடு என்றால்தான் தெரியும். ரோட்டுக்கு நேராக நிற்காமல், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியதுபோல் வீடும் மதிலும் சாய்ந்து நிற்கும். தாத்தா காலத்தில் கட்டியது. கட்டியவர்களுக்கு அன்று கள்ளு கொஞ்சம் அதிகம் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாரின் மனைவி உமையம்மாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். பதறிப்போனாள் பாவம்.

"டீச்சரே, கையெத் தாங்க. நான் ரோட்டுல கொண்டு விடுதேன்."

டீச்சர் கையைக் கொடுத்தார். வேறு வழி இல்லை. உமையம்மாளுடைய கை மிளகாய் எரிச்சலோடு அவருடைய கையைப் பற்றி, கேட்டைத் தாண்டி, முக்கைத் தாண்டி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். உமையம்மாள் எல்லோருக்கும் பதில் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக டீச்சர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து போனைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கட்டிலில் உட்கார்ந்து அழுதார். கண் போனபோது அழாத பெண் அன்று அழுதார். சாயங்காலம் ராஜதாஸ் வந்ததும், வேலையை எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். ராஜதாஸுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வெளியே போய் நீதுவுக்குப் போன் செய்து, லீவு போட்டுவிட்டு வா என்றார்.

நீது மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அவள் வந்து உட்கார்வதற்கும் ஞானசம்பந்தம் சார் வாசலில் ஏறுவதற்கும் சரியாக இருந்தது. நலம் விசாரிக்கத்தான் வந்தார். ஆனால் உமையம்மாள் கொண்டுபோய் விட்டபோது 'ஒங்க கோணல் மதிலு சதிச்சுப்போட்டு' என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அது சாரின் காதுக்குப் போயிருந்தது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு நலம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்ன்னாளாம். எனக்க மதிலக் குற்றம் செல்லாண்டாம் டீச்சரே. அது மூத்தாசாரி முளையடிச்சு, நெழலு பாத்துக் குற்றி வச்சதாக்கும். விஷுக்குக் கணி காணும்போ சூரியன் எனக்க வாசலுக்கு நேரே நிக்கும். எனக்க வீடு நேராக்கும். ஒங்க ரோடாக்கும் கோணல்."

ராஜதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்தப் பேச்சைச் சாரின் அப்பாவும் இதே மாதிரி டீக்கடையில் பேசித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நீது மட்டும் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். சாரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். போனை மதிலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். முள் மயிரிழை பிசகாமல் மதிலோடு ஒத்து வடக்கே நின்றது. மதிலின் மற்றப் பக்கங்களும் திசைக்கு நேராகவே நின்றன. அப்புறம் ரோட்டில் இறங்கி, ரோட்டோடு சேர்த்துப் போனைப் பிடித்தாள். முள் ஒருபக்கமாக விலகி நின்றது. கொஞ்சமா விலகல்? செங்கோணத்தில் பாதிக்குச் சற்றே குறைவு.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கடல் எங்கே என்று கேட்டார். தென்மேற்கில் என்றாள் நீது. மலை? வடகிழக்கில். திருவனந்தபுரம்? வடமேற்கில். டீச்சர் தனக்குத் தெரிந்ததை விரல்விட்டு எண்ணினார். கடல் மேற்கு, மலை கிழக்கு, திருவனந்தபுரம் வடக்கு, நாகர்கோவில் தெற்கு. இந்த ஊரில் பிறக்கும் பிள்ளை நடக்கத் தொடங்கும் முன்பே கற்றுக்கொள்கிற பாடம் இது. கடற்கரையும் ஹைவேயும் சேர்ந்து சாய்ந்து போகின்றன. அந்தச் சாய்வையே ஊர் திசையாக வைத்துக்கொண்டுவிட்டது. யாரும் முள்ளை வைத்துப் பார்க்கவில்லை. வீட்டு முடுக்கு உண்மையான வடக்கிலிருந்து கொஞ்சம்தான் விலகியது, அதனால் போன் அதை வடக்கோடு சேர்த்துக்கொண்டது. சர்ச் முக்குக்கு அப்பால் வழி இன்னும் சாய்ந்ததும் அதை மேற்கு என்றுவிட்டது.

"எங்க அப்பா செல்லுவாரு," என்றார் டீச்சர் மெதுவாக. "நம்ம ஊருல சூரியன் மட்டும் கொஞ்சம் தெக்கே மாறித்தான் உதிக்கும்ன்னு."

அங்கே இருந்த நான்கு பேரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ரோடு கோணலாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து பழியைச் சூரியன் மேல் போட்டிருந்தது. ராஜதாஸால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தார். முந்தின நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. ஞானசம்பந்தம் சார் மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறை அவமானம் துடைக்கப்பட்டவர் அப்படித்தான் உட்காருவார்.

இனி என்ன செய்வது? ஊரார் திசையை மாற்றிப் பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்று சார் சொன்னார். அது நடக்கிற காரியம் இல்லை. டீச்சர் விரலை மேசைமேல் வைத்துக் கோடு இழுத்தார், பக்கத்தில் சாய்வாக இன்னொரு கோடு இழுத்தார். வகுப்பில் கணக்குக்கு விடை வந்துவிட்டால் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது அப்போது வந்தது.

"ரெண்டும் செரிதான். ஒனக்க போன் செல்லுதது பூமிக்க வடக்கு. நாங்க செல்லுதது ஊருக்க வடக்கு. நடுவுல ஒரு கோணம் கெடக்கு, அதெக் கழிச்சாப் போரும். நகல நீ ஊருக்க பக்கமாத் திருப்பி வையி மக்கா."

கழித்தால் மட்டும் போதவில்லை. ரோடு ஒரே சாய்வில் போவதில்லை, வளையும், நெளியும். வளைந்த இடத்திலும் ஊர் அதே வடக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் நீதுவும் டீச்சரும் சேர்ந்து முடுக்கு முடுக்காகப் போய், இதை எந்தத் திசை என்று சொல்வீர்கள் என்று அந்தந்த வீட்டாரிடம் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில் வந்தது. சத்தியபாய்கூடக் கோபத்தை மறந்து வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினாள். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். நியூஸ்காரி ஊரோடு ஒத்து ஓடக் கற்றுக்கொண்டாள். ஆப்பில் அந்தத் திசைக்கு நீது 'ஊர் வடக்கு' என்று பேர் வைத்தாள். திருவனந்தபுரத்தில் அவளுடைய கூட்டாளிகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன், எங்கள் ஊரிலும் கடல் இருக்கிற பக்கம்தான் மேற்கு, ஆனால் முள்ளை வைத்துப் பார்த்ததில்லை என்றான்.

ஞானசம்பந்தம் சாருடைய வீட்டை மட்டும் நகலில் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. ஊரைத் திருப்பினால் அந்த வீடு கோணலாகத்தான் நிற்கும். சார் பெரிய மனது செய்து, நிற்கட்டும் என்றார். யார் நேர் என்பதுதான் இப்போது எல்லோருக்கும் தெரியுமே.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, வழக்கம்போல மழையும் வந்தது. நல்ல மழை. ராஜதாஸ் காலையிலேயே ஸ்கூட்டரைத் துடைத்து வெளியே எடுத்து நிறுத்தினார். இந்த மழையில் போக வேண்டாம், இன்று ஒருநாள் ஏறிக்கொள், நாளையிலிருந்து நடக்கலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். டீச்சர் புதுச் சேலை உடுத்து, போனை நெஞ்சில் மாட்டி, ஒரு கையில் குடையும் மறு கையில் கோலுமாக இறங்கினார். போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மழைச் சத்தத்தைக் கேட்டு நியூஸ்காரி தானே குரலை உயர்த்திக்கொண்டாள். வடக்கே. முன்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறது, கிழக்கே ஒதுங்கவும். டீச்சர் ஒதுங்கினார். வாசல்களிலிருந்து ஊர் கூப்பிட்டது, டீச்சர் பதில் சொன்னார், நியூஸ்காரி இரண்டுக்கும் நடுவே கூச்சமில்லாமல் குறுக்கே பேசினாள். மழையில் ஒரு தவளை எங்கோ கத்திக்கொண்டிருந்தது. கால் தானாகவே பழைய வேகத்தைப் பிடித்தது.

தெரிந்தவர்களுடைய போன் பக்கத்தில் வந்தால், வந்திருப்பது யார் என்று அந்த ஆப் சொல்லும். அதைப் பற்றி ராஜதாஸிடம் சொல்ல நீதுவும் டீச்சரும் மறந்திருந்தார்கள். சர்ச் முக்குக்குச் சற்று முன்னால் நியூஸ்காரி சொன்னாள்: 'தெற்கே, ராஜதாஸ்.'

டீச்சர் நிற்காமல் கொஞ்சம் நடந்தார். 'தெற்கே, ராஜதாஸ்' என்று மறுபடியும் சொன்னாள். டீச்சர் நின்றார், திரும்பவில்லை.

"மழையில நனையாம வீட்டுக்குப் போங்க."

பின்னால் ஒரு செருமல். "நான் பாலு வாங்க வந்தேனாக்கும்," என்றது ராஜதாஸின் குரல்.

"பாலுகாரன் காலத்தே வந்துட்டுப் போனான்."

இத்தனை வருஷமாகத் தன்னை ஏற்றி இறக்கிய மனிதர், குடையைக்கூட விரிக்காமல், சத்தம் கேட்டுவிடும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார் என்பது டீச்சருக்குக் கண் இல்லாமலே தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்து நடந்தால் என்ன என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"சாயங்காலம் நானே வாறேன்," என்றார். "சாயா போட்டு வையுங்க."

செருப்பு தரையில் விழுந்தது, காலில் மாட்டியது, தெற்கே நடந்து போயிற்று. டீச்சர் அது தேயும் வரைக்கும் கேட்டு நின்றார். இப்போது முக்கு. மேற்கே மழைத்தண்ணீர் கடலைப் பார்த்துச் சலசலத்து இறங்கியது.

'வடக்கே செல்லவும்' என்றாள் நியூஸ்காரி.

அதை எனக்கு நீ சொல்ல வேண்டுமா என்று டீச்சர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. வடக்கே நடந்தார். கோணல் மதிலின் முனை கடந்தது. உமையம்மாள் அங்கே கேட்டில் நின்றிருக்க வேண்டும், வளையல் சத்தம் கேட்டது, ஆனால் அவள் கூப்பிடவில்லை. நல்ல பெண். மின்கம்பம், பாலம், மாவு மில்லின் வாசனை. அப்புறம் பிள்ளைகளின் இரைச்சல், புதிதாகச் சேர்ந்தவர்களின் அழுகை, மைக்கில் யாரோ வரவேற்புப் பாட்டுக்கு ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்த சத்தம்.

கேட்டில் அஜேஷ் ஸ்கூட்டர் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டர் வரவில்லை. மழைக்குள்ளிருந்து டீச்சர் வந்தார், அதுவும் அந்தப் பழைய வேகத்தில். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

டீச்சர் நின்றார். குடையை மடக்கி, தண்ணீரை உதறி, நீட்டியிருந்த அந்தக் கையில் வைத்தார்.

"இன்னா, இதெக் கொண்டு காய வையி."

சொல்லிவிட்டு, வடக்குக் கட்டிடத்தில் இருக்கிற தன் வகுப்புக்கு நடந்து போனார்.